நேட்டாலுக்குக் கப்பலேறியவரின் ஊர்

1860 நவம்பர் 16ஆம் தேதி இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் துறைமுகத்துக்கு ‘ட்ரூரோ’ என்ற கப்பல் வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து ஐந்து வாரப் பயணம். அதில் வந்தவர்கள் 342 பேர். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் போன முதல் கூட்டம் அதுதான். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து ‘பெல்வெடேர்’ வந்தது. 1911இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பை நிறுத்துவதற்குள் அங்கே போய் இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் ஏறியவர்கள்.

கடைசி ஆள்வரை கணக்கு தெரிவதற்குக் காரணம் உண்டு. இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஓர் எண் போட்டார்கள். ஒன்றில் தொடங்கி அறுபடாமல் ஓடும் எண். காலனி எண் என்று அதற்குப் பெயர். ஒரு மனிதரை எண்ணாக்கிய அந்தக் காலத்தின் கொடுமை வேறு சங்கதி. தேடுகிறவருக்கு அந்த எண்தான் சாவி.

இந்த அத்தியாயம் இரண்டு தரப்பாருக்கும் உதவும். “எங்கள் பூட்டன் மெட்ராஸிலிருந்து வந்தாராம், ஊர் தெரியாது” என்று டர்பனிலிருந்து கேட்கிறவர் ஒரு தரப்பு. “எங்க தாத்தாவோட அண்ணன் நேட்டால் போனார், அப்புறம் சேதியே இல்லை” என்று வட ஆற்காட்டுப் பக்கம் சொல்கிறவர் இன்னொரு தரப்பு. இருவரும் ஒரே கயிற்றை எதிரெதிர் முனையில் பிடித்திருக்கிறார்கள். டர்பன்காரருக்கு வேலை எளிது, ஏனென்றால் பதிவெல்லாம் அங்கே இருக்கிறது. உள்ளூர்க்காரர் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு பட்டியலைத் தலைகீழாகத் தேட வேண்டும். முடியாத காரியமில்லை, பொறுமை வேண்டும்.

முதலில் எண்ணைப் பிடியுங்கள்

அந்த எண்ணைச் சொன்னால்தான் அந்தக் காலத்து அலுவலகம் அசையும். எந்தத் தோட்டத்துக்கு ஒதுக்கப்பட்டார், வேறு முதலாளிக்கு மாற்றப்பட்டாரா, கல்யாணம் பதிவு செய்தாரா, அடிபட்டுப் புகார் கொடுத்தாரா, இறந்தாரா, ஊர் திரும்பினாரா, எல்லாம் எண்ணை ஒட்டியே எழுதப்பட்டன. ஆகவே இணையத்தில் பெயரைத் தட்டுவதற்கு முன் வீட்டைத் துழாவுங்கள். டர்பன் வீடுகளில் பழைய ட்ரங்குப் பெட்டி, சாமி அறை அலமாரி, பெரியவர்கள் துணிக்கடியில் வைத்திருக்கும் தகர டப்பா, இவற்றில்தான் கிடைக்கும். ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சீட்டு, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் பெற்றோரின் எண் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்று பவுண்டு வரி ரசீதையும் தேடுங்கள். ஒப்பந்தம் முடித்துவிட்டு ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கியவர் தலைக்கு ஆண்டுக்கு மூன்று பவுண்டு கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. முதலாண்டு ஒப்பந்தக் கூலி மாதம் 10 ஷில்லிங். அந்தக் கணக்கில் மூன்று பவுண்டு என்பது ஆறு மாதக் கூலி. ரசீது காட்டாதவரைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள், சிறைக்கும் அனுப்பினார்கள். 1914இல் வரி ஒழிந்தது. ரசீதை மட்டும் பல குடும்பங்கள் தூக்கிப்போடவில்லை. பயந்து பாதுகாத்த காகிதம் இப்போது நமக்கு உதவுகிறது.

எண் கிடைக்காவிட்டால் கப்பல் பட்டியலில் பெயரைத் தேட வேண்டியதுதான். க்வாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினித் தரவாக வைத்திருக்கிறது. வரலாற்றாசிரியர் சுரேந்திர பானா 1902 வரையிலான பட்டியல்களை அலசி 1991இல் வெளியிட்ட நூல் உண்டு. எந்த மாவட்டத்திலிருந்து எவ்வளவு பேர், ஆண் பெண் விகிதம், வயது என்று பொதுச் சித்திரத்தைத் தெரிந்துகொள்ள அதைப் படிக்கலாம். தோட்டத்துக்குப் போன பிறகான கதை பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளும், இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளும் அங்கே உண்டு. சொத்துக் கோப்பு என்றதும் பணக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். காய்கறித் தோட்டம் போட்டு இரண்டு மாடு வைத்திருந்தவருக்கும் கோப்பு இருக்கலாம். அதில் வரும் மரண அறிவிப்பில் மனைவி மக்கள் பெயர் வரிசையாக இருக்கும்.

பெயரைத் தேடும்போது இன்றைய குடும்பப் பெயரைத் தட்டிப் பயனில்லை. டர்பனில் இன்று மூட்லி, கோவெண்டர், படையாச்சி, நாயுடு, நாயக்கர், பிள்ளை என்றெல்லாம் குடும்பப் பெயர்கள். கப்பல் பட்டியலிலோ ஆளின் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். பின்னால் பள்ளிக்கூடத்திலும் பதிவு அலுவலகத்திலும் “சர்நேம் என்ன?” என்று கேட்டபோது சிலர் ஜாதிப் பட்டத்தைச் சொன்னார்கள், சிலர் அப்பா பெயரைச் சொன்னார்கள். அதனால்தான் மூன்சாமி, பெருமாள், வீராசாமி, சின்னசாமி எல்லாம் இன்று அங்கே குடும்பப் பெயர்கள். உங்கள் குடும்பப் பெயர் மூன்சாமி என்றால், முதலில் கப்பலேறியவரின் பெயரே முனுசாமியாக இருந்திருக்கலாம், அவருடைய அப்பா பெயராகவும் இருக்கலாம். இரண்டு வழியிலும் தேடிப் பாருங்கள்.

பட்டியலில் ஜாதிக்கென்றும் ஒரு கட்டம் உண்டு. பலரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். ஆள் சேர்க்கும் தரகர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னவர் உண்டு. வேண்டுமென்றே மாற்றிச் சொல்லி, கடல் தாண்டியதோடு பழைய அடையாளத்தைத் தலைமுழுகியவரும் உண்டு. வீட்டில் இப்போது சொல்லும் பட்டமும் அந்தக் கட்டமும் பொருந்தாமல் போனால் “இது நம்ம ஆள் இல்லை” என்று மூடிவைத்துவிடக் கூடாது.

ஒரு வரியைப் படிப்பது எப்படி

மாதிரிக்காக நானே அமைத்த ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பெயர் மூன்சாமி, தகப்பன் கூப்பன், வயது 22, ஆண். ஜில்லா வட ஆற்காடு, தாலுகா வாண்டிவாஷ், ஊர் மரூதாட். அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அடுத்த வரியில் மூனியம்மா, வயது 18, அதே தாலுகா, வேறு ஊர். அதற்கடுத்து ஓராண்டுக் குழந்தை.

மூன்சாமி முனுசாமிதான். கூப்பன் என்பது குப்பன். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். அதை இன்னொருவர் நகலெடுத்தார். நூறு வருடம் கழித்து வேறொருவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக் கணினியில் ஏற்றினார். மூன்று கை மாறிய பெயர் அது. உகரம் ஆங்கிலத்தில் இரட்டை ஓ ஆகும். ழகரம் எல் ஆகும், சில சமயம் இசட் ஆகும். கையெழுத்தில் யு, என் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள், கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். மரூதாட், மரூதாட் என்று இரண்டு முறை சொன்னால் வந்தவாசிப் பக்கத்துக்காரர் யாராவது “அட, நம்ம மருதாடு” என்று சொல்லிவிடுவார். வாண்டிவாஷ் வந்தவாசியேதான். செங்கல்பட்டைச் சிங்கிள்பட் என்றும் காஞ்சிபுரத்தைக் கஞ்சீவரம் என்றும் எழுதியது போல.

இப்போது பக்கத்து வரிகள். எண்கள் தொடர்ந்து வந்ததால் ஒரே குடும்பம் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருக்கும். முனியம்மாவின் ஊர் வேறாக இருப்பது நமக்கு லாபம், ஏனென்றால் அது அவள் பிறந்த ஊராக இருக்கலாம், அதாவது குடும்பத்தின் தாய்மாமன் வீடு. அதோடு நிறுத்தாமல் முன்னும் பின்னும் இருபது முப்பது வரிகளைப் படியுங்கள். அதே ஊரிலிருந்து வேறு இருவர் அதே கப்பலில் ஏறியிருப்பார்கள். ஒருவரைத் தரகர் பிடித்தால் அவர் கூட்டாளிகளையும் அழைத்துவருவது வழக்கம். இந்தக் கூட்டாளிகளின் பெயர்களை இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜோடியாக வந்தவர்கள் எல்லோரும் ஊரிலேயே தாலி கட்டியவர்கள் என்று நினைக்க வேண்டாம். நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. கப்பல் புறப்படுவதற்குள் பெண்களின் எண்ணிக்கையை நிரப்பியாக வேண்டும். கப்பலுக்குக் காத்திருந்த சென்னை டிப்போவில் சந்தித்துச் சேர்ந்தவர்கள் உண்டு. தனியாகவே வந்த பெண்களும் உண்டு, அவர்களில் விதவைகளும் கணவனை விட்டு வந்தவர்களும் இருந்தார்கள். பிள்ளையின் அப்பா யார் என்பதை இந்தப் பட்டியல் உறுதியாகச் சொல்லாது. டி.என்.ஏ. பக்கம் போகும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

ஊர் என்ற இடத்தில் வெறுமே ‘மெட்ராஸ்’ என்று இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். பஞ்சம் பிழைக்கப் பட்டணம் வந்து கொஞ்ச காலம் கூலி வேலை செய்துவிட்டுக் கப்பலேறியவர் அதையே ஊராகச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று: பட்டியலில் பெயரே இல்லாதவர்களும் உண்டு. சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிப் போன வியாபாரிகள், நகைத் தொழிலாளிகள், மொரீஷியஸிலிருந்து இடம் மாறியவர்கள் இந்த எண்ணுக்குள் வரமாட்டார்கள்.

ஊர் அங்கேயேதான், மாவட்டம் நகர்ந்துவிட்டது

வட ஆற்காடு என்று பட்டியலில் பார்த்ததும் வேலூருக்கு ரயில் ஏறிவிடாதீர்கள். அந்த ஜில்லா இன்று ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. சித்தூர், பலமநேர், சந்திரகிரி தாலுகாக்கள் அதோடு போயின. திருத்தணியின் கதை இன்னும் சுற்றும்: முதலில் வட ஆற்காடு, பிறகு சித்தூர், 1960இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பிச் செங்கல்பட்டு, இப்போது திருவள்ளூர். மிச்சமிருந்த வட ஆற்காடு 1989இல் இரண்டானது. வந்தவாசி, போளூர், ஆரணி எல்லாம் இன்று திருவண்ணாமலை மாவட்டம். 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தென் ஆற்காடும் இப்படித்தான் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று ஆனது. பழைய சேலத்துக்காரர் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மூன்றையும் பார்க்க வேண்டும்.

எந்த ஊர் எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதற்கு அந்தக் காலத்து மாவட்டக் கையேடுகளே நல்ல துணை. வட ஆற்காட்டுக்கு ஆர்தர் காக்ஸ் 1881இல் தொகுத்த கையேடு இணைய நூலகங்களில் ஸ்கேனாகக் கிடைக்கிறது. ஒரே பெயரில் நாலு ஊர் இருப்பது நம்மிடம் சகஜம். புதூர், பாளையம், நல்லூர் என்று வந்தால் தாலுகாவைப் பிடித்தால்தான் தப்பிக்கலாம்.

ஊர் கிடைத்த பிறகு அரசுப் பதிவை நம்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருகிறார்கள். சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899இல்தான் வந்தது. உங்கள் முனுசாமி பிறந்தது அதற்குப் பல ஆண்டுகள் முன்பு. நிலப் பதிவேடு பார்க்கலாம், ஆனால் கப்பலேறியவர்களில் நிலம் வைத்திருந்தவர் குறைவு. பட்டா இருந்திருந்தால் எதற்குப் போகிறார்?

ஊரில் விசாரிக்க வேண்டியது குலதெய்வத்தைப் பற்றி. டர்பன் குடும்பங்கள் தமிழை மறந்திருக்கலாம், குலதெய்வத்தின் பெயரையும் அதற்குச் செய்யும் படையலையும் மறக்காதவர்கள் அங்கே உண்டு. “மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கிடா வெட்டிப் பச்சையம்மனுக்குப் பொங்கல் வைப்போம், ஆண்பிள்ளைக்கு முதல் முடி அங்கேதான்” என்று ஒரு பாட்டி சொன்னால், அதை அந்தத் தாலுகாவின் கோயில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், பங்காளிக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இந்த வழக்கம் டி.என்.ஏ. சோதனைக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை அடுத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. வேறு நாடு போனவர்களுக்கும் வழி இதேதான், காகிதம் மட்டும் மாறும். மொரீஷியஸுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம், அங்கே ஆளின் புகைப்படமே கிடைக்கலாம். ஃபிஜிக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குடியேற்றச் சீட்டு உண்டு, சென்னையிலிருந்து அங்கே போனது 1903இலிருந்துதான். ரீயூனியன், குவாதலூப், மர்த்தினிக் என்றால் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். இலங்கை மலையகமும் மலேயாவும்தான் கடினம். கங்காணி ஊரிலிருந்து கூட்டமாக அழைத்துப்போனார், ஆளுக்கொரு பதிவு என்பது அரிது. மலையகக் குடும்பங்கள் பின்னோக்கிப் போகாமல் முன்னோக்கி வந்து, 1949ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த விண்ணப்பங்களையும் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களின் காகிதங்களையும் தேடினால் பூர்வீக ஊர் கிடைக்க வாய்ப்புண்டு.

எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை

டி.என்.ஏ. சோதனைக்குப் பணம் கட்டும் பலர் கேள்வியே இல்லாமல் கட்டுகிறார்கள். முடிவு வருகிறது: தென்னிந்தியா, இலங்கை இத்தனை சதவீதம் என்று வண்ணம் தீட்டிய வரைபடம். இது முன்பே தெரியாதா? அந்தச் சதவீதம் வந்தவாசியையும் வாணியம்பாடியையும் பிரித்துக் காட்டாது. இந்த அத்தியாயத்தைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்தைத் திறக்காமலே விட்டுவிடலாம்.

“எனக்குச் சொந்தக்காரர் யார்?” என்று பட்டியல் வருமே, அதுவும் நமக்கு ஏமாற்றமே தரும். சோதனை நிறுவனங்களில் சோதித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள், ஐரோப்பியர்கள். மருதாட்டில் யாரும் சோதிக்காதபோது மருதாட்டுச் சொந்தம் அதில் எப்படி வரும்? ஆகவே நம் முறை வேறு. கப்பல் பதிவை வைத்து ஊரைப் பிடி, ஊரில் விசாரித்து ஒரு குடும்பத்தைப் பிடி, பிறகு இரண்டு சோதனைக் கிட் வாங்கு. ஒன்று டர்பனுக்கு, ஒன்று ஊருக்கு. இரண்டும் ஒரே நிறுவனத்தின் கிட்டாக இருக்கட்டும், அப்போதுதான் நேராக ஒப்பிட முடியும்.

சோதனை மூன்று வகை. ஒய் குரோமோசோம் சோதனை அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் கோட்டைப் பார்க்கும். மைட்டோகாண்ட்ரியா சோதனை தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் கோட்டைப் பார்க்கும். மூன்றாவது, ஆட்டோசோமல், பாலினக் குரோமோசோம் தவிர்த்த மீதி 22 ஜோடியையும் பார்க்கும். விளம்பரத்தில் வருவதும் மலிவாகக் கிடைப்பதும் மூன்றாவதுதான்.

நம் கேள்வி “இவர்கள் நம் பங்காளியா?” என்பதானால் ஒய் சோதனையைப் போல எதுவும் இல்லை. பங்காளி என்றாலே அப்பன் வழி ஆண் கோடுதானே. டர்பனில் முனுசாமியின் மகன் வழி மகன் வழி வந்த ஓர் ஆண், ஊரில் முனுசாமியின் தம்பியின் மகன் வழி வந்த ஓர் ஆண், இருவரும் ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ. நிறுவனத்தின் 37 புள்ளிச் சோதனை அல்லது அதற்கு மேற்பட்டதை எடுத்தால் போதும். பொருந்தவில்லை என்றால் அந்த ஆண் கோடு ஒன்றல்ல. பொருந்தினால் ஒரே கோடு. ஆனால் எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்தது என்பதை 37 புள்ளி துல்லியமாகச் சொல்லாது. ஒரே ஊரில் ஒரே குலதெய்வம் கும்பிடும் இன்னொரு வீடும் அதேபோலப் பொருந்தலாம். நெருக்கிப் பார்க்க அதே நிறுவனத்தின் ‘பிக் ஒய்’ சோதனை இருக்கிறது, விலை அதிகம்.

ஒய் என்றதும் பலருக்கு உசிலம்பட்டிப் பக்கம் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் கண்ட எம்130 என்ற மரபுக் குறி நினைவுக்கு வரும். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த பல்லாயிரம் ஆண்டுக் கதை அது. பூட்டன் பெயரைத் தேடுகிறவர் அதில் மயங்கி நின்றுவிட வேண்டாம்.

தாய்வழிச் சோதனை, ‘உறவு இல்லை’ என்று சொல்வதற்கு மட்டும் உதவும். மைட்டோகாண்ட்ரியா மெதுவாகத்தான் மாறும். ஆகவே இருவருக்கும் ஒன்றாக இருந்தால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உறவாகவும் இருக்கலாம். வேறாக இருந்தால், அந்தப் பாட்டியும் இந்தப் பாட்டியும் உடன்பிறந்தவர்கள் இல்லை என்று சொல்லிவிடலாம். முனியம்மாவின் பிறந்த வீட்டைத் தேடும்போது இது கைகொடுக்கும்.

சொந்தத்தில் கட்டியவர்களின் கணக்கு

ஆட்டோசோமல் முடிவைப் படிப்பதில்தான் நம்மவர்கள் வழுக்கி விழுகிறார்கள். அது இருவருக்கும் பொதுவான டி.என்.ஏ.வைச் சென்டிமார்கன் என்ற அளவில் சொல்லும். ஆயிரக்கணக்கானவர்களின் முடிவுகளைச் சேர்த்து எடுத்த சராசரிகள் உண்டு. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளுக்குள் சுமார் 870. தாத்தாக்கள் அண்ணன் தம்பி என்றால் 230. பூட்டன்கள் அண்ணன் தம்பி என்றால் 70 சொச்சம். இந்தக் கடைசி வகையில் பத்தில் ஒரு ஜோடிக்குப் பொதுவாக ஒன்றுமே தெரியாமல் போகலாம், உறவு உண்மையாக இருந்தும். அதற்கும் அடுத்த தலைமுறையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்தச் சராசரிகள் அத்தை மகளைக் கட்டாத சமூகங்களில் எடுத்தவை. நம் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஊரில் இருக்கும் பையனின் அப்பா, முனுசாமியின் தம்பி பேரன். அவனுடைய அம்மா, முனுசாமியின் தங்கை பேத்தி. மாமன் மகள், அத்தை மகன் என்று முறை வைத்துக் கட்டியது. இந்தப் பையனுக்கு முனுசாமி வீட்டு இரத்தம் இரண்டு பக்கமும் வருகிறது. டர்பனில் இருக்கும் முனுசாமியின் கொள்ளுப்பேரனோடு ஒப்பிட்டால் 70 வர வேண்டிய இடத்தில் 140 வரும். கணினி என்ன செய்யும்? ஒரு தலைமுறை நெருக்கிச் சொந்தம் சொல்லும். அதை நம்பி மரத்தில் ஒரு தலைமுறையை அழித்தவர்கள் இருக்கிறார்கள். தாய்மாமனே அக்கா மகளைக் கட்டிய குடும்பமென்றால் கணக்கு இன்னும் ஏறும்.

இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. நூற்றாண்டுகளாக ஒரே வட்டத்துக்குள் பெண் கொடுத்து எடுத்ததால், எந்த உறவும் சொல்ல முடியாத இருவருக்கும் சிறு சிறு துண்டுகள் பொதுவாக இருக்கும். தெற்காசியாவில் 260க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் 81 குழுக்களில் இந்த நெருக்கம் ஃபின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களையும் விட அதிகம் என்று கண்டது. ஆகவே மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். எட்டு, பத்து சென்டிமார்கன் துண்டுகள் பத்துச் சேர்ந்து 90 ஆனால் அது பெரும்பாலும் பழைய வட்டத்தின் வாசனை. ஒரே துண்டு 35, இன்னொன்று 28 என்று வந்தால் அது அண்மைக்கால உறவு. நான் 15க்குக் கீழான துண்டுகளைக் கணக்கிலிருந்தே தள்ளிவிடுவேன். பெற்றோர் நெருங்கிய உறவா என்று காட்டும் கருவி ஜெட்மேட்ச் தளத்தில் உண்டு, அதையும் ஓட்டிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எண்களைப் படியுங்கள்.

ஒய் சோதனையின் அருமை இங்கேதான் தெரியும். எத்தனை முறை மாமன் மகளைக் கட்டியிருந்தாலும் ஆண் கோட்டில் அது தலையிடாது. இரண்டுக்கும் பணம் இருந்தால் இரண்டையும் செய்யுங்கள். ஒன்றுக்குத்தான் என்றால், ஆண் வாரிசு இரு பக்கமும் இருக்கும்போது ஒய்க்குப் போடுங்கள்.

எச்சில் எடுக்கும் நாள்

வீட்டில் மூத்தவரிடமிருந்துதான் எடுக்க வேண்டும். பேரனின் மாதிரியில் முக்கால்வாசிச் செய்தி கழிந்துபோயிருக்கும். எச்சில் நிரப்பும் குழாய் வயதானவர்களுக்குச் சிரமம், வாய் உலர்ந்திருக்கும். கன்னத்தின் உட்புறம் தேய்க்கும் குச்சி வகை கிட் அவர்களுக்கு நல்லது. அரை மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. வெற்றிலை பாக்குப் போடுகிற பாட்டியிடம் காலையில் எழுந்ததும், முதல் தாம்பூலத்துக்கு முன், வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லி அரை மணி கழித்து எடுத்துவிடுங்கள். இந்தியாவுக்குக் கிட் அனுப்புகிறார்களா, இங்கிருந்து மாதிரியை எடுத்துக்கொள்கிறார்களா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போய் “உங்கள் எச்சில் வேண்டும்” என்றால் யாரும் தரமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் ஊரில் முதலில் எழும் சந்தேகம் நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்பதுதான். நியாயமான சந்தேகம். உள்ளூர் ஆசிரியரையோ பூசாரியையோ துணைக்கு அழைத்துப் போங்கள். “ஐயா, எங்க பெரிய தாத்தா இந்த ஊர்னு காகிதத்துல இருக்கு. சொத்து எதுவும் வேணாம், எழுதிக்கூடத் தர்றோம். சாமி கும்பிடணும், சொந்தம் யாருன்னு தெரியணும்” என்று தொடங்கலாம். கப்பல் பதிவின் நகலை எடுத்துக் காட்டுங்கள், முழங்கால் தழும்பு வரைக்கும் படித்துக் காட்டுங்கள். காகிதத்தில் அந்தத் தழும்பைக் கேட்டதும் இறுக்கம் தளர்ந்து பேசத் தொடங்குவார்கள்.

சோதனைக்குச் சம்மதிப்பவருக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தகவல் வெளிநாட்டு நிறுவனத்தின் கணினியில் இருக்கும், அது திருடுபோகவும் கூடும். 23 அண்ட் மீ நிறுவனத்தில் 2023இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. அடுத்து, வேண்டாமென்றால் அழிக்கச் சொல்லலாம். கடைசியாக, எதிர்பாராத முடிவு வரலாம்: அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை, பங்காளி என்று நினைத்தவர் பங்காளி இல்லை. தோட்டத்து வாழ்க்கையில் கணவன் இறந்து வேறு ஒருவரோடு சேர்ந்தது, அநாதைப் பிள்ளையை எடுத்து வளர்த்தது எல்லாம் சாதாரணம். முடிவு யாருடைய மாதிரியோ, முதலில் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸாப் குழுவில் போடலாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

பொருந்தவில்லை என்றால் ஊர் தவறு என்று உடனே சொல்லிவிட முடியாது. நீங்கள் பிடித்த குடும்பம் தவறாக இருக்கலாம், அதே தாலுகாவில் அதே பெயரில் இன்னொரு ஊர் இருக்கலாம். கப்பல் பட்டியலில் எழுதிவைத்த அந்தக் கூட்டாளிகளை இப்போது எடுங்கள். அவர்களுடைய எண்ணை வைத்து எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள், பிள்ளைகள் யார் என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோப்புகளில் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் தோட்டத்திலும் சேர்ந்திருந்து, அடுத்த தலைமுறையில் பெண் கொடுத்து எடுத்திருப்பார்கள். அந்தக் குடும்பத்தின் பெரியவர்களில் யாருக்காவது ஊரின் பெயர் சரியாகத் தெரிந்திருக்கலாம், இல்லாவிட்டால் அந்த அம்மனின் பெயராவது தெரிந்திருக்கும். அடுத்த கிட்டை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.